புல் முளைக்காத இடம்

எனக்கு முதன்முதலாகக் கையுறை கொடுத்தது எங்கள் ரப்பர் தோட்டத்தை மூடின பிறகுதான். பதினாறு வயதில் மருந்தடிக்கப் போனவள் நான். பதினைந்து வருஷம் அந்தக் களைக்கொல்லியை வெறுங்கையால் கலக்கினேன், டாங்கியில் ஊற்றி முதுகில் தூக்கினேன், ஒழுகினால் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். உனக்குக் கையுறை வேண்டுமா என்று ஒருத்தர் கேட்டதில்லை. தோட்டத்தை விற்று அங்கே வீடும் கோல்ஃப் மைதானமும் வரப்போகிறது என்றானதும், கிடக்கிற மண்ணை அள்ளக் கையுறை, பூட்ஸ், மூக்குக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி! மண்ணைத் தொட அவ்வளவு ஜாக்கிரதை. எங்கள் தோலுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தோட்டம் ரெம்பாவுக்கும் சிரம்பானுக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கைமாறியது. வாங்கின கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்த வெளிநாட்டுக்காரர்கள், மண்ணைச் சோதித்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால்தான் சேருவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் பழைய ரப்பர் ஆலையையும் அதன் கழிவுக் குட்டையையும் மருந்து ஸ்டோரையும் சுற்றி முள்கம்பி போட்டார்கள். எது எங்கே புதைந்து கிடக்கிறது என்று எங்களுக்குத்தானே தெரியும்? பழைய மருந்தடிக்கிற ஆட்களில் ஆறு பேரைக் கண்டிராக்டர் வேலைக்கு எடுத்தார். நான் ஒருத்தி. மற்றவர்களுக்குத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். ரெண்டு மைல் தள்ளிப் புது வீட்டு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து ஸ்டோரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, மருந்து கலக்க ஒரு தொட்டி. அதற்குப் பின்னால் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் எங்கள் முனியாண்டி. சிலை கிடையாது, மூன்று கல், ஒரு சூலம். காலையில் மேஸ்திரியான மண்டோர் ஆள் பிரித்துவிட்டதும், டாங்கியைத் தூக்குவதற்கு முன்னால் அங்கே ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் பால்மரக் காட்டுக்குள் போவோம். பாம்பு, பூரான், காட்டுப்பன்றி எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல்.

அந்தச் சாமியைச் சுற்றி ஒரு புல் முளைக்காது. எங்கள் ஊர் மழைக்கு ஒரு வாரம் விட்டால் லாலான் புல் இடுப்பளவு நிற்கும். அங்கே மட்டும் வழித்துவிட்ட மொட்டைத் தலை. கறையான்கூட வராது. பக்கத்தில் நின்ற மரமும் பட்டுப்போனது, சாமிக்கு நிழல் பிடிக்காது என்றோம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் முனியாண்டிக்குத் தனி மரியாதை. போர்டிக்சன் பக்கமிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "காலடியில ஒரு பூண்டு தலைதூக்க முடியுமா? அவ்வளவு உக்கிரம் லா!" என்று நானே எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

இனி அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளும் மருந்தடித்தவள்தான். கல்யாணமாகி ரெண்டு தடவை உண்டாகி ரெண்டும் நிற்கவில்லை. ஒன்று மூன்றாம் மாசம், ஒன்று நாலாம் மாசம். ரெண்டாவது போனபோது அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள், சோற்றைத் தொடவில்லை. எனக்குத்தான் பயமாகிப்போனது. பிறகு வேலையை விட்டுவிட்டு முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். மூன்றாவது தடவை உண்டானதும், காலையில் பல் விளக்கிய கையோடு சாமி காலடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிப்பாள். கம்பி போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு பால்டின் நிறைய அள்ளி வைத்துக்கொண்டாள். குழந்தை நின்றது. மூன்று தாண்டி, நாலு தாண்டி, ஐந்தாம் மாசம். அக்கா முகத்தில் சதை பிடித்தது. என்னைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தாள். "உன் வாய்க்கு என் புள்ள பயந்துக்கிட்டே வரப்போவுது பாரு" என்பாள். எங்கள் வீட்டுக்கு அப்போது வேண்டியிருந்தது அந்த ஒரு குழந்தைதான். வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

வேலையில் எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு சீன எஞ்சினியர், கண்ணாடி போட்டவர், நல்ல மாதிரி. என்னைக் 'காக்', அதாவது அக்கா, என்று கூப்பிடுவார், மலாயில்தான் பேசுவோம். இடம் இடமாக மண்ணைத் தோண்டிப் போத்தலில் போட்டு அனுப்புவார். முடிவு வந்ததும் குச்சி நடுவார். மஞ்சள் நாடா கட்டினால் ஒரு முழம் தோண்டணும், சிவப்பு நாடா கட்டினால் ஆள் உயரத்துக்குத் தோண்டி, பிளாஸ்டிக் விரித்த லாரியில் ஏற்றிக் கொண்டுபோகணும். ஒருநாள் காலையில் போகிறேன், முனியாண்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இது சாமி இடம், இங்கே ஏன் குச்சி நட்டீங்க?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "இந்த இடத்தில் ஏன் புல்லே இல்லை, காக்?" என்று கேட்டார். சாமியின் சக்தியை எடுத்துச் சொன்னேன். மரத்தைச் சொன்னேன், கறையானைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேலை முடிந்ததும் டாங்கியை எங்கே கழுவுவீர்கள்?" என்றார்.

நான் தொட்டியைக் காட்டினேன். "கழுவின தண்ணீரை?"

ஸ்டோர் வாசலில் ஊற்றினால் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சத்தம் போடுவார். அதனால் பின்பக்கம் கொண்டுபோய்ச் சரிவில் வீசுவோம். என் கை தொட்டியிலிருந்து கிளம்பி, சரிவு வழியாக இறங்கி, மூன்று கல்லில் வந்து நின்றது. அப்படியே நின்றுவிட்டது. எத்தனை டாங்கி, எத்தனை பெண்கள், எத்தனை வருஷம். எனக்கு முன்னால் என் அம்மா காலத்துப் பெண்கள், அப்போதெல்லாம் தோம்பு என்கிற இரும்புப் பீப்பாயில் வந்த வெள்ளை மருந்து, ஆடுமாடு நக்கினால் அங்கேயே விழும். எல்லாம் அந்தச் சரிவில்தான் போயிருக்கிறது. "இங்கேதான் மிக மோசம், ஆர்செனிக்" என்றார் எஞ்சினியர் மெதுவாக. மண்வெட்டியைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய்ச் சாமி படத்துக்குக் கீழே இருந்த பால்டின்னை எடுத்தேன்.

"ஏய், என்னாடி பண்ற?"

"இது விஷம்க்கா. புல்லு மொளைக்காதது சாமியால இல்ல. நம்ம ஊத்துன மருந்தால. நீயும் நானும் கழுவி ஊத்துனதை நீ தின்னுக்கிட்டு இருக்க!"

அவள் எழுந்து வந்து டின்னைப் பிடுங்கினாள். நான் விடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியோடு நான் மல்லுக்கட்டினேன், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் டின் என் கைக்கு வந்தது. அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"ரெண்டு போச்சுடி," என்றாள். "மருந்து சாப்பிட்டேன், கவர்மெண்டு கிளினிக் போனேன், எதுலயும் நிக்கல. இந்த மண்ணுலதான் நின்னிருக்கு. இப்ப வந்து இதை விஷம்ங்கற. உனக்கு யாரு சொன்னா? அந்தச் சீனன் சொன்னானா? அவனுக்கு முனியாண்டியத் தெரியுமா?"

குழந்தை நின்றது உண்மை. என்னிடம் இருந்தது ஒரு சிவப்பு நாடா. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில் அவள் இறங்கி வந்தாள், ஆனால் தன் வழியில். "சரி, பழைய மண்ணைத் தொடல. புது வீட்டு வரிசையில கட்டுற கோயிலுக்குப் பிடிமண் எடுப்பாங்கல்ல, பூசை போட்டு வைப்பாங்க. அதுலேருந்து எடுத்துக்கிறேன். பூசை போட்ட மண்ணு எந்தப் புள்ளையையும் ஒண்ணும் பண்ணாது." சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் அவளை அசைக்க முடியாது.

பிடிமண் என்றால் எங்கள் பக்கம் கோயிலை இடம் மாற்றும்போது பழைய இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போய்ப் புதுப் பீடத்தில் வைப்பது. சாமி அந்த மண்ணோடு வருவார், மண் இல்லாமல் வரமாட்டார். கோயில் தலைவர் ஓய்வு பெற்ற மண்டோர். அடுத்த வாரம் அவரே என்னைத் தேடி வந்தார். புது வீட்டு வரிசையில் பீடம் தயார், சிமெண்டுச் சிலை வந்துவிட்டது, ஆனால் கம்பிக்குள்ளே வெளியாட்கள் யாரையும் விடமாட்டேன் என்கிறார்கள்.

"நீதாம்மா உள்ள போக முடியும். வெரதம் இருந்து, தலைக்குக் குளிச்சுட்டு, ஒரு செம்பு நெறையா அள்ளிட்டு வா."

"மாமா, அந்த மண்ணுல விஷம் இருக்கு. அதை வச்சா ஆளாளுக்கு நெத்தியில பூசுவாங்க, வாயில போடுவாங்க."

"விஷமா?" அவர் சிரித்தார். "நாப்பது வருஷம் அந்த மண்ணுல நின்னேன். செத்தா போயிட்டேன்?"

அவர் சாகவில்லை, சரிதான். மருந்து கலக்கின அவருடைய மச்சான் செத்துப்போனார், என்னோடு டாங்கி தூக்கினவளுக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளமும் கறுப்பும். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். லயம் போகிறது, காடு போகிறது, பள்ளிக்கூடம் போகிறது. சாமி ஒன்றாவது கூட வரட்டும் என்று நிற்கிறார்கள். நான் கொண்டுவரமாட்டேன் என்றால் யாராவது கம்பியை வெட்டி உள்ளே போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த மண்ணில் அக்கா கை வைப்பாள்.

"சரி மாமா, நான் கொண்டாறேன்" என்றேன்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், வேறு மண் கொண்டுவருவது என்று. வேறு மண் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு இடமாக எண்ணிப் பார்த்தேன். பால்மரக் காடு முழுக்க நாங்கள் அடித்ததுதான். லயத்து ஓரம், ரோட்டோரம், பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டாய்ச் சுற்று, பள்ளிக்கூடத் திடல் விளிம்பு, எல்லா இடத்துக்கும் நானே டாங்கியோடு போயிருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் நம்பி ஒரு கைப்பிடி மண் எடுக்க எனக்கு இடம் இல்லை.

மறுநாள் பஸ் ஏறி ரெம்பாவ் போகிற வழியில் ஒரு மலாய்க் கம்பத்தில், கிராமத்தில், இறங்கினேன். ஒரு வீட்டுக்குப் பின்னால் வாழை, அடியில் ஆடு மேய்ந்தது. ஒரு மாக்சிக், மலாய்க்கார அம்மா, கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் மண் வேண்டும் என்றேன். அந்த வயசான அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இங்கே எப்போதாவது புல்லுக்கு மருந்து அடித்திருக்கிறீர்களா?"

"ஆடு எதற்கு இருக்கிறது?" என்று சிரித்தார். அவரே ஒரு தகரத்தால் வாழையடியில் கிளறி, ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் போட்டுக் கொடுத்தார். பூச்செடி வைக்கவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கறுப்பு மண், அதில் ஒரு மண்புழு நெளிந்தது. பஸ்ஸில் வரும்போது அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏனென்று கேட்டால் எனக்கு இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது.

பிடிமண் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை, கம்பிக்கு வெளியே ஊரே நின்றது. உறுமி மேளம், மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. நான் ஈரத்தலையோடு, மஞ்சள் துணி சுற்றிய செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஸ்டோர்ச் சுவர் பாதி நின்றது, அதன் பின்னால் நடப்பது யாருக்கும் தெரியாது. முந்தின நாளே பையை அங்கே ஒளித்து வைத்திருந்தேன். மூன்று கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டு, வாழையடி மண்ணைச் செம்பில் நிரப்பினேன். "முனியாண்டி, கோவிச்சுக்காதப்பா. புள்ள பொறக்கட்டும், நானே வந்து உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன். வெளியே வந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள், தலைவர் செம்பை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதுப் பீடத்துக்கு முன்னால் ஒரு மண் சட்டியில் கொஞ்சம் பிடிமண்ணை எல்லோரும் எடுக்கிற மாதிரி வைத்தார்கள். அக்கா முதல் ஆளாக வந்தாள். நெற்றியில் பூசினாள், வயிற்றில் பூசினாள், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்து, "இப்ப திருப்தியா?" என்றாள். திருப்திதான். அந்த வருஷம் முழுக்க எனக்கு அன்றைக்கு ஒருநாள்தான் நல்ல தூக்கம்.

அடுத்த வாரம் பழைய இடத்தைத் தோண்டினோம். ஆள் உயரத்துக்குக் கீழேயும் மண் ஒரு மாதிரி வெளிறிக் கிடந்தது. எஞ்சினியர் இன்னும் கீழே போகச் சொன்னார். லாரி லாரியாக ஏற்றினோம். மூன்று கல்லும் அதோடு போயின. எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்களோ, எங்களுக்குச் சொல்லவில்லை. குழி நிறைய மழைத்தண்ணீர் நின்றது. பிறகு வெளியிலிருந்து செம்மண் வந்து மூடினார்கள்.

அக்காவும் புது வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் காலையில் கோயிலுக்கு நடப்பாள். ஆறு, ஏழு, எட்டு. நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாம் மாசம் ஒருநாள் வேலையில் இருக்கும்போது ஆள் வந்து கூப்பிட்டார், அக்காவைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று. பூட்ஸோடு பஸ் ஏறினேன். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. வயிற்றிலேயே போய்விட்டது. தலை நிறைய முடி, அக்காவின் மூக்கு. துணியில் சுற்றிக் கொடுத்தபோது நான்தான் கையில் வாங்கினேன்.

டாக்டர் தமிழர்தான். நான் விடாமல் கேட்டேன். பழைய மண்ணாலா, பதினைந்து வருஷ மருந்தாலா? அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், என்னால் சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, அசைவு நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று அத்தானைக் கேட்டார். அத்தானுக்குத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். அக்கா உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி இருந்தது, ஆனால் பேசினாள்.

"வீட்டுக்குப் போனதும் மொத வேலை, சாமிக்கு ஒரு சேவல் குடுக்கணும். நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். அடுத்த தடவை ஒருநாள்கூட விடாம அந்த மண்ணை எடுப்பேன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியை ஊட்டியிருக்கலாம். ஆனால் என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? உன் மேல் தப்பில்லை என்று அவளுக்குப் புரியவைக்கணும் என்கிற வெறி எனக்கு.

"நிறுத்துக்கா! சாமியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. நீ ஒரு தப்பும் பண்ணல. அந்தப் பீடத்துல இருக்கறது நம்ம சாமி மண்ணே இல்ல. ரெம்பாவ் ரோட்டுல ஒரு மலாய்க்காரம்மா வீட்டு வாழையடி மண்ணு. நான்தான் மாத்தினேன். நீ விஷத்தைத் திங்கக்கூடாதுன்னு மாத்தினேன்."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"திங்கட்கெழமை காலையிலயே புள்ள அசையல," என்றாள். குரல் ஏறவே இல்லை. "எனக்குத் தெரிஞ்சுது. உங்க அத்தான்கிட்டகூட சொல்லாம கோயிலுக்குப் போனேன். மண்ண எடுத்து வயித்துல வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டேன். சாமி காலடி மண்ணு, விடாதுன்னு. அன்னைக்கு முழுக்க உக்காந்திருந்தேன். மறுநாளும் போனேன்."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அங்க சாமி இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் நேரா இங்கதானடி வந்திருப்பேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாள். கஞ்சியை மூடி எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன்.